மெத்தைக்கு அடியில் இருப்பதையும் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நல்ல உறக்கத்துக்கு மெத்தை தேர்ந்தெடுப்பது எப்படி என்று தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் அண்மையில் வெளியான கட்டுரையை இரண்டு முறை படித்தேன். மெத்தை தைப்பதும் பிரிப்பதும் பழுது பார்ப்பதுமாக 34 ஆண்டுகளைப் பட்டறையில் கழித்தவன் நான். வாழ்நாளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு நேரத்தை நாம் எதன் மேல் கழிக்கிறோமோ அதற்கு ஒரு நாளிதழ் முழுப் பக்கம் ஒதுக்கியிருப்பதைப் பார்த்து மகிழ்ந்தேன். ஆயினும் அக்கட்டுரையில் இரண்டு குறைகள் இருந்தன. முதுகுவலி உள்ளவர்கள் எவ்வளவு கெட்டியான மெத்தையில் படுக்கிறார்களோ அவ்வளவு நல்லது என்று அது சொல்கிறது; அது சரியன்று. அந்த மெத்தை எதன் மேல் கிடக்கப்போகிறது என்பதைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. என் பார்வையில் இது முன்னதைவிடப் பெரிய குறை. மெத்தையும் அதைத் தாங்கும் அடித்தளமும் சேர்ந்ததுதான் படுக்கை. ஒன்றைப் பார்த்து வாங்கி மற்றொன்றைப் பாராமல் விட்டதால் நல்ல மெத்தைகள் வீணாய்ப் போனதைக் கண்ணால் கண்டவன் என்ற முறையில் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

“மெத்தை குழி விழுந்துவிட்டது, மாற்ற வேண்டும்” என்ற புகாரைத்தான் பட்டறையில் நான் அதிகம் கேட்டிருக்கிறேன். ஒருமுறை ஒரு கணவனும் மனைவியும் வாங்கி மூன்று ஆண்டுகூட ஆகாத ஸ்பிரிங் மெத்தையைக் காட்டி இதையே சொன்னார்கள். இருவரும் இரவில் நடுவை நோக்கிச் சரிகிறார்கள், காலையில் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுகிறார்கள். அதற்கு முன்பிருந்த மெத்தையையும் இதே காரணத்தால்தான் தூக்கிப் போட்டிருந்தார்கள். மெத்தையைத் தரையில் இறக்கி வைத்துப் பார்த்தேன். குழி இருந்த இடம் தெரியவில்லை. பிறகு மெத்தைக்கு அடியில் தளமாகக் கிடந்த பாக்ஸ் ஸ்பிரிங் என்ற ஸ்பிரிங் பெட்டியைச் சுவரோரமாகச் சாய்த்து நிறுத்தி, அதன் அடித்துணியை ஓர் ஓரத்தில் பிரித்து, டார்ச் அடித்துப் பார்த்தேன். நடுவில் ஓடிய குறுக்குச் சட்டம், மரத்தில் கணு இருந்த இடத்திலேயே பிளந்து, உள்வாங்கித் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் மேல் நின்ற இரண்டு வரிசைச் சுருள்களும் ஒன்றையொன்று பார்த்துச் சாய்ந்திருந்தன. சட்டத்தோடு அவற்றைப் பிடித்திருந்த பின்கள் பாதி கழன்று, கம்பியோடு கம்பி உரசிய இடங்கள் மட்டும் தேய்த்து வைத்தாற்போல் பளபளத்தன. கேடு மெத்தையில் இல்லை. அதற்கு முந்தைய மெத்தையிலும் இருந்திருக்காது. ஒரு துண்டு மரம் முறிந்ததற்கு இரண்டு மெத்தைகள் பழி சுமந்தன. இதைச் சொன்னபோது அந்த அம்மாள் சிறிது நேரம் ஒன்றும் பேசவில்லை. “துணி போட்டு மூடியிருக்கிறதே, உள்ளே என்ன நடக்கிறது என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று பிறகு கேட்டார். அவர் கேட்டது நியாயமான கேள்வி.

பாக்ஸ் ஸ்பிரிங் என்பது அடிப்படையில் மரச்சட்டங்களால் ஆன ஒரு பெட்டி. அதனுள் எஃகுச் சுருள்களை நிறுத்தி, மேற்புறத்தில் கம்பியால் பிணைத்து, சுற்றிலும் துணியை இழுத்து அடித்திருப்பார்கள். அடிப்புறத்தில் தூசி விழாமல் தடுக்கும் மெல்லிய துணி ஒன்று இருக்கும். வைக்கோல், பஞ்சு, குதிரைமயிர் போன்றவற்றைத் திணித்த பழைய மெத்தைகளுக்குத் தாமாக அமுங்கி எழும் தன்மை குறைவு. அந்தத் தன்மையைக் கீழிருந்து கொடுப்பதற்கென்றே இந்தப் பெட்டி வந்தது. பின்னர் ஸ்பிரிங் மெத்தைக்குள்ளேயே புகுந்தது. கனடாவைச் சேர்ந்த ஜேம்ஸ் மார்ஷல் 1900-ஆம் ஆண்டளவில் ஒவ்வொரு சுருளையும் தனித்தனித் துணிப்பையில் அடைத்து மெத்தை செய்தார். இன்று நாம் பாக்கெட் ஸ்பிரிங் என்று சொல்வது அதன் வழி வந்ததுதான். மெத்தைக்குள் ஸ்பிரிங் வந்த பிறகும் பெட்டி போகவில்லை. மேலிருந்து விழும் அதிர்ச்சியில் ஒரு பங்கைத் தான் வாங்கிக்கொள்ளவும், படுக்கையை எழுந்து உட்காரத் தோதான உயரத்துக்கு உயர்த்தவும் அது பயன்பட்டது.

இதற்குப் பிறகுதான் குழப்பம் தொடங்குகிறது. நுரை மெத்தைகள் பெருகியபோது, அடியிலிருந்து நெகிழ்ந்து கொடுக்கும் தளம் அவற்றுக்கு ஒத்துவரவில்லை. எனவே பல உற்பத்தியாளர்கள் பெட்டிக்குள்ளிருந்த ஸ்பிரிங்கை எடுத்துவிட்டு, மேலே மரச்சட்டங்களை மட்டும் அடுக்கித் துணி போர்த்தி விற்கத் தொடங்கினார்கள். ஸ்பிரிங் போனாலும் பாக்ஸ் ஸ்பிரிங் என்ற பெயர் மட்டும் பல கடைகளில் அப்படியே நிலைத்துவிட்டது. பெயர் ஊருக்கு ஊர் மாறுவதும் உண்டு. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் அந்தச் சொல் ஸ்பிரிங் பெட்டி, அதன் மேல் ஸ்பிரிங் மெத்தை, அதற்கும் மேல் மெல்லிய மேல்விரிப்பு மெத்தை ஆகிய மூன்றும் சேர்ந்த முழுக் கட்டிலைக் குறிக்கும். வட அமெரிக்காவில் அடியிலுள்ள பெட்டியை மட்டுமே குறிக்கும். ஆகவே வாங்குபவர் பெயரைக் கேட்டுத் திருப்தி அடையக் கூடாது. உள்ளே ஸ்பிரிங் இருக்கிறதா, வெறும் சட்டம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். கையால் மேலே ஓங்கி அழுத்தினாலே தெரிந்துவிடும்: ஸ்பிரிங் இருந்தால் சற்றே இறங்கி எழும், சட்டமாக இருந்தால் அசையாது.

எந்த மெத்தைக்கு எந்தத் தளம் என்பதில் பெரிய மர்மம் எதுவும் இல்லை. ஸ்பிரிங்குகளை ஒன்றோடொன்று கம்பியால் பிணைத்த பானல் வகை மெத்தை, உறுதியான பாக்ஸ் ஸ்பிரிங் மேலும் நன்றாக இருக்கும், சட்டத்தின் மேலும் நன்றாக இருக்கும். பாக்கெட் ஸ்பிரிங்குக்கு அசையாத தளமே நல்லது. லேடெக்ஸ் எனும் ரப்பர் நுரை, சூட்டுக்கு இளகும் மெமரி ஃபோம், பாலியூரித்தேன் நுரை ஆகியவற்றை நெகிழும் பெட்டி மேல் போடவே கூடாது. நுரைக்கெனத் தனி விறைப்பு கிடையாது. கீழே இருப்பது எப்படி வளைகிறதோ அப்படியே அதுவும் வளையும். குறுக்கே ரீப்பர் எனும் மரப்பட்டைகள் அடித்த கட்டிலாக இருந்தால், ரீப்பர்களுக்கு நடுவிலுள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். ஏழு எட்டு சென்டிமீட்டருக்கு மேல் போனால் நுரை அந்த இடுக்குகளில் பிதுங்கி இறங்கும்; ஓரிரு ஆண்டுகளில் மெத்தையின் அடிப்பக்கத்தைத் திருப்பினால் ஏணிப்படி போல் வரி வரியாகத் தடம் தெரியும். இந்தத் தடத்தை எத்தனையோ மெத்தைகளில் பார்த்திருக்கிறேன். உடைமையாளர்கள் அதைத் தயாரிப்புக் குறை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

இருவர் படுக்கும் அகலமான கட்டில் என்றால், தலைமாட்டிலிருந்து கால்மாடு வரை நடுவில் ஒரு சட்டம் ஓட வேண்டும், அந்தச் சட்டத்திலிருந்து தரையைத் தொடும் ஒரு காலாவது இறங்க வேண்டும். ஏறத்தாழ 150 சென்டிமீட்டர் அகலமும் அதற்கு மேலும் உள்ள கட்டில்களுக்கு இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது என்பேன். பார்வைக்கு எடுப்பாக இருக்கிறது என்று வாங்கி, நடுக்கால் இல்லாமல், ஓரச் சட்டங்கள் மட்டும் பாரம் சுமக்கும்படி விட்ட கட்டில்கள் மெதுவாக நடுவில் தொய்யும். நடுக்கால் இருந்தும் அது தரையைத் தொடாமல் அரை விரற்கடை அந்தரத்தில் நிற்பதையும் பார்த்திருக்கிறேன். கட்டிலை இடம் மாற்றும் ஒவ்வொரு முறையும் குனிந்து அந்தக் காலை ஆட்டிப் பார்க்க வேண்டும். ஆடினால் அது சுமக்கவில்லை என்று பொருள். மிக அகலமான அளவுகளில் பாக்ஸ் ஸ்பிரிங் இரண்டு துண்டுகளாக வரும். மாடிப்படியில் திருப்ப முடியாது என்பதற்காகவே அப்படிச் செய்கிறார்கள். இரண்டும் சேரும் இடத்துக்கு நேர் கீழே அந்த நடுச்சட்டம் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது.

மெத்தை கெட்டதா, தளம் கெட்டதா என்று வீட்டிலேயே கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. பட்டறையில் நாங்கள் செய்ததும் இதைத்தான். விரிப்புகளை எல்லாம் எடுத்துவிட்டு, மெத்தையின் ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை ஒரு நூலை விறைப்பாகப் பிடியுங்கள். ஒருவர் இந்தப் பக்கம், ஒருவர் அந்தப் பக்கம் பிடிக்க, மூன்றாமவர் நூலுக்கும் மெத்தைக்கும் நடுவில் ஆழம் எவ்வளவு என்று அளவுகோல் வைத்துப் பார்க்க வேண்டும். பிறகு மெத்தையை எடுத்துவிட்டு அதே நூலை வெறும் தளத்தின் மேல் பிடியுங்கள். நல்ல தளத்தில் நூல் சட்டங்களைத் தொட்டுக்கொண்டே போகும். கடைசியாக, மெத்தையைச் சமமான தரையில் இரண்டு மூன்று இரவுகள் போட்டுப் படுத்துப் பாருங்கள். தரையில் படுக்கும்போது குழியும் வலியும் குறைந்தால் மெத்தையைக் குறை சொல்லாதீர்கள், தளத்தைச் சரிசெய்யுங்கள். தரையிலும் குழி அப்படியே இருந்தால் மெத்தையின் காலம் முடிந்தது, அதற்கு வைத்தியம் இல்லை. புதிய மெத்தை வாங்கப் புறப்படும் முன் ஒவ்வொரு குடும்பமும் இந்த ஒரு சோதனையைச் செய்தால், வீணாகும் பணம் எவ்வளவோ மிஞ்சும்.

தொய்ந்த பாக்ஸ் ஸ்பிரிங் மேல் பிளைவுட் பலகையைப் போட்டு மெத்தையை விரிப்பது பலர் செய்யும் உபாயம். ஸ்பிரிங் மட்டும் தளர்ந்திருந்து சட்டம் நன்றாக இருந்தால், இது சில காலம் தாங்கும். சட்டமே முறிந்திருந்தால், பலகை முறிவை மறைக்குமே தவிரச் சுமக்காது. மேலும் முழுப் பலகை காற்றை அடைத்துவிடும். உடம்பிலிருந்து இரவு முழுவதும் வெளியேறும் ஈரம் மெத்தையின் அடிவரை இறங்கி, போக வழியின்றிப் பலகையில் தங்கி, கரும்புள்ளிகளாகப் பூஞ்சணம் பிடிக்கும். பலகை போடுவதென்றால் அதில் கையகல இடைவெளி விட்டுத் துளைகள் இட்டுப் போடுங்கள். மாதம் ஒருமுறையாவது மெத்தையை ஒருக்களித்து நிறுத்தி, அரை நாள் காற்றாட விடுங்கள். மெத்தையை நேரே தரையில் போட்டுப் படுப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

கட்டுரையின் முதல் குறைக்கு வருகிறேன். கெட்டியான மெத்தைதான் முதுகுக்கு நல்லது என்ற நம்பிக்கை பழையது. மருத்துவர்களே நெடுங்காலம் அப்படிச் சொல்லி வந்தார்கள். ஸ்பெயினில் பிரான்சிஸ்கோ கோவாக்ஸ் தலைமையிலான குழு இதைச் சோதித்து, 2003-இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டது. நீண்ட நாள் இடுப்புவலி உள்ள 313 பேரில் ஒரு சாராருக்குக் கெட்டி மெத்தையும் மறு சாராருக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் தந்து, 90 நாட்கள் கழித்துப் பார்த்தார்கள். படுத்திருக்கும்போது உள்ள வலி, எழும்போது உள்ள வலி, அன்றாட வேலைகளில் ஏற்படும் தடை ஆகிய மூன்றிலும் நடுத்தர மெத்தையில் படுத்தவர்களே அதிகம் தேறியிருந்தார்கள். இதற்கான காரணத்தைப் படுத்துப் பார்த்தே உணரலாம். பக்கவாட்டில் ஒருக்களித்துப் படுக்கும்போது தோளும் இடுப்பும் மற்ற இடங்களைவிடத் துருத்திக்கொண்டிருக்கின்றன. மெத்தை அவற்றுக்கு இடம் கொடுக்காவிட்டால், அந்த இரண்டு இடங்களே முழு உடலையும் சுமந்து, முதுகுத்தண்டு நடுவில் தொங்கும். மெத்தை மிகவும் மென்மையாக இருந்தால் இடுப்பு மட்டும் அதிகம் இறங்கி, தண்டு வேறு விதமாக வளையும். மல்லாந்து படுப்பவருக்குச் சற்றுக் கூடுதல் கெட்டியும், குப்புறப் படுப்பவருக்கு அதனினும் கூடுதல் கெட்டியும் பொருந்தும். உடல் எடை மிகுந்தவருக்கு நடுத்தரமாகத் தெரியும் மெத்தை மெலிந்தவருக்குப் பலகையாகத் தெரியும். ஆகவே எல்லோருக்கும் பொருந்தும் ஒரே கெட்டித்தன்மை என்று ஒன்று கிடையாது.

கெட்டித்தன்மை வேறு, தரம் வேறு என்பதையும் வாசகர்கள் அறிய வேண்டும். விற்பவர்களில் பலர் இவ்விரண்டையும் ஒன்றாக்கிப் பேசுகிறார்கள். நுரையின் கெட்டித்தன்மை, அதைக் குறிப்பிட்ட அளவு அமுக்க எவ்வளவு விசை வேண்டும் என்பதைப் பொறுத்தது. அதன் அடர்த்தியோ, ஒரு கன மீட்டர் நுரை எத்தனை கிலோ இருக்கிறது என்பது. குறைந்த அடர்த்தி நுரையையும் கெட்டியாகச் செய்ய முடியும். கடையில் அழுத்திப் பார்க்கும்போது அது நன்றாகவே இருக்கும். ஓராண்டுக்குள் அதன் நுண்ணறைகள் நைந்து தட்டையாகிவிடும். எத்தனை ஆண்டு உழைக்கும் என்பதைச் சொல்வது அடர்த்திதான். சாதாரண பாலியூரித்தேன் நுரையில் கன மீட்டருக்கு 30 கிலோவை ஒட்டியும், மெமரி ஃபோமில் 50 கிலோவுக்கு மேலும் இருந்தால்தான் நான் துணிந்து வாங்கச் சொல்வேன். மெமரி ஃபோம் 1966-இல் அமெரிக்காவின் நாசாவுக்காக, விமான இருக்கைகளில் அதிர்ச்சியைத் தாங்கும் பொருளைத் தேடியபோது சார்லஸ் யோஸ்ட் உருவாக்கியது. அது சூட்டுக்கு இளகி உடம்பின் வடிவத்துக்கு அமையும். அதே குணத்தால் உடற்சூட்டையும் பிடித்து வைத்துக்கொள்ளும். இரவில் வியர்ப்பவர்கள் இதை எண்ணிப் பார்த்து வாங்க வேண்டும். ஸ்பிரிங் மெத்தையில் கம்பியின் கனத்தைக் கேஜ் எண்ணால் குறிப்பார்கள். எண் குறையக் குறையக் கம்பி தடிக்கும் என்பதை மறக்காதீர்கள். ஆயிரம் சுருள், இரண்டாயிரம் சுருள் என்று எண்ணிக்கையைப் பெரிதாக எழுதியிருப்பதை மட்டும் வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது. மெல்லிய கம்பியில் ஆயிரம் சுருளைவிடத் தகுந்த கம்பியில் அறுநூறு சுருள் நன்றாகச் சுமக்கலாம்.

கடையில் மெத்தையைக் கையால் அமுக்கிப் பார்ப்பதும், ஓரத்தில் உட்கார்ந்து குதித்துப் பார்ப்பதும் வீண் வேலை. காலணியைக் கழற்றிவிட்டு, வீட்டில் எப்படிப் படுப்பீர்களோ அப்படியே பத்துப் பதினைந்து நிமிடம் கூச்சப்படாமல் படுத்துப் பாருங்கள். மல்லாந்து படுத்து, இடுப்பின் வளைவுக்கும் மெத்தைக்கும் நடுவில் உள்ளங்கையை நுழையுங்கள். தாராளமாகப் போய் வந்தால் மெத்தை உங்களுக்குக் கெட்டி அதிகம்; நுழைக்கவே முடியாமல் இறுகியிருந்தால் மென்மை அதிகம்; சிறிது தடையோடு நுழைந்தால் பொருத்தம். இருவர் படுக்கும் மெத்தையை இருவரும் ஒன்றாகப் படுத்துத்தான் வாங்க வேண்டும். ஒருவர் புரண்டால் மற்றவருக்கு எவ்வளவு தெரிகிறது என்பது அப்போதுதான் புலப்படும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தக் கடையில் மெத்தைக்கு அடியில் என்ன போட்டிருக்கிறார்கள் என்று விரிப்பைத் தூக்கிப் பாருங்கள். அங்கே புத்தம் புதிய உறுதியான தளத்தின் மேல் கிடக்கும் மெத்தை, வீட்டில் பன்னிரண்டு ஆண்டுப் பழைய பெட்டியின் மேல் வேறு மெத்தையாகிவிடும்.

உயரத்தைப் பற்றி எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது. இத்தனை ஆண்டு இத்தொழிலில் இருந்த நானே அதில் தவறினேன். என் தாயாருக்கு எழுபத்தெட்டு வயதானபோது, அவர் சுகமாகப் படுக்க வேண்டும் என்று 30 சென்டிமீட்டர் கனமுள்ள மெத்தையை, 23 சென்டிமீட்டர் பாக்ஸ் ஸ்பிரிங் மேல் போட்டுக் கொடுத்தேன். கட்டிலின் காலையும் சேர்த்தால் படுக்கை தரையிலிருந்து 70 சென்டிமீட்டருக்கு மேல் நின்றது. மெத்தை நல்ல மெத்தை. அதில் அவருக்குக் குறை இல்லை. ஆனால் ஓரத்தில் உட்கார்ந்தால் அவருடைய பாதங்கள் தரையைத் தொடவில்லை. என்னிடம் அதைச் சொல்லாமல், இறங்கும்போதெல்லாம் கையை ஊன்றிச் சறுக்கி இறங்கிப் பழகியிருக்கிறார். ஓர் இரவு அப்படிச் சறுக்கியபோது விரிப்பும் கூடவே சரிந்து, கீழே விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மறுவாரம் அந்தப் பெட்டியை எடுத்துவிட்டு, 13 சென்டிமீட்டர் உயரமுள்ள தாழ்ந்த சட்டத்தளம் ஒன்றைச் செய்து போட்டேன். ஓரத்தில் உட்கார்ந்தால் பாதம் முழுவதும் தரையில் பதிய வேண்டும், முழங்கால் ஏறத்தாழச் செங்கோணத்தில் மடங்க வேண்டும். முதியவர்களுக்கு அதுவே சரியான உயரம். மெத்தைகள் ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டே போகும் இக்காலத்தில், தளத்தின் உயரத்தைக் குறைத்துக்கொள்ள வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரியவில்லை. உயரத்தைக் கூட்டிப் பாருங்கள், வாங்கும் முன்பே கூட்டிப் பாருங்கள் என்று முதியோர் உள்ள வீடுகளை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

கைக்குழந்தைகளைப் பற்றி ஒரு சொல். பெரியவர்களின் மென்மையான மெத்தை குழந்தைக்குச் சுகமன்று, ஆபத்து. குழந்தையின் படுக்கை சமமாகவும் கெட்டியாகவும் இருக்க வேண்டும். முகம் புதையும்படியான எதுவும் அதில் இருக்கக் கூடாது. தொட்டிற்கட்டிலின் சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவில் இரண்டு விரல் நுழையும் இடைவெளி இருந்தாலே அது பொருந்தாத மெத்தை. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு எந்த மெத்தை என்பதை மருத்துவரிடமே கேட்க வேண்டும். அவர்களுக்கெனக் காற்று மாறி மாறி நிரம்பும் மெத்தைகள் உள்ளன. அவற்றைப் போட்டாலும் புரட்டிப் படுக்க வைக்கும் கடமை தீராது.

பயன்படுத்தும் முறையில் மிக எளியதையே மிகப் பலர் செய்வதில்லை. மூன்று முதல் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மெத்தையின் தலைப்பக்கத்தைக் கால்பக்கமாகத் திருப்பிப் போட வேண்டும். இருபுறமும் ஒரே மாதிரி தைத்த மெத்தையாக இருந்தால் மேல்புறத்தைக் கீழாகவும் புரட்டலாம். இப்போது வருபவற்றில் பெரும்பாலானவை ஒருபுறம் மட்டும் படுப்பதற்கானவை. அவற்றைப் புரட்டினால் அடியிலுள்ள கெட்டி நுரையின் மேல்தான் படுக்க நேரும். ஸ்பிரிங் மெத்தையை மடித்தோ வளைத்தோ தூக்கக் கூடாது. விளிம்பைச் சுற்றி ஓடும் கம்பி ஒருமுறை கோணினால் மீண்டும் நேராகாது. பக்கவாட்டிலுள்ள கைப்பிடிகள் மெத்தையை நகர்த்திச் சரிசெய்வதற்கு. அவற்றைப் பிடித்துத் தூக்கினால் தையலோடு பிய்ந்து வரும். பஞ்சு மெத்தையை வெயிலில் காயப் போடலாம்; நுரையையும் லேடெக்ஸையும் நேர் வெயிலில் வைத்தால் மஞ்சளித்துப் பொடிப்பொடியாக உதிரும், அவற்றுக்கு நிழற்காற்றே போதும். உறையைக் கழற்றித் துவைக்கலாம், நுரையை நனைக்கக் கூடாது. நாம் உதிர்க்கும் தோல்செதில்களைத் தின்று மெத்தையில் வாழும் தூசி உண்ணிகள் கண்ணுக்குத் தெரியாத அளவு சிறியவை. ஆஸ்துமாவும் ஒவ்வாமையும் உள்ளவர்களுக்கு அவை பெருந்துன்பம். விரிப்புகளை 60 டிகிரி சூட்டு நீரில் துவைப்பதும், அறையில் ஈரப்பதத்தை 50 சதவீதத்துக்குக் கீழே வைத்திருப்பதும், நெருக்கமாக நெய்த ஜிப் உறையால் மெத்தையை முழுவதும் மூடுவதும் அவற்றைக் கட்டுப்படுத்தும்.

மூட்டைப்பூச்சி வந்துவிட்டது என்று மெத்தையைத் தெருவில் எறிபவர்கள் அடியிலுள்ள பெட்டியை மட்டும் அப்படியே வைத்துக்கொள்வதைப் பார்த்து வருந்தியிருக்கிறேன். மெத்தையைவிடப் பெட்டியே அவற்றுக்குப் பாதுகாப்பான கோட்டை. அடித்துணியை அடித்திருக்கும் பின்களின் வரிசையிலும், மூலைகளில் பொருத்திய பிளாஸ்டிக் மூடிகளின் உட்புறத்திலும், சட்டங்கள் சேரும் இடுக்குகளிலும் அவை ஒளிந்திருக்கும். பேனா மை சிந்தியது போன்ற கரும்புள்ளிகள் அங்கே தெரிந்தால் ஐயமே வேண்டாம். உணவின்றி மாதக்கணக்கில் உயிர் பிழைக்கும் பூச்சி அது. புதிய மெத்தையைப் பழைய பெட்டியின் மேல் போட்டால், பழைய குடியிருப்புக்குப் புதிய விருந்து வைத்ததாகவே ஆகும். இதனால்தான் உறை போடுவதென்றால் மெத்தைக்கும் பெட்டிக்கும் தனித்தனியாகப் போட வேண்டும் என்கிறேன். பிறர் பயன்படுத்திய பாக்ஸ் ஸ்பிரிங்கை இலவசமாகக் கொடுத்தாலும், அடித்துணியைப் பிரித்துப் பார்க்காமல் வீட்டுக்குள் கொண்டுவராதீர்கள்.

உத்தரவாதச் சீட்டைப் பற்றியும் தங்கள் கட்டுரை பேசவில்லை. பத்தாண்டு உத்தரவாதம் என்று பெரிய எழுத்தில் இருக்கும். எத்தனை சென்டிமீட்டர் ஆழத்துக்குக் குழி விழுந்தால் அதைக் குறையாக ஒப்புக்கொள்வார்கள் என்பது சிறிய எழுத்தில் இருக்கும். இரண்டரை, சில இடங்களில் நான்கு சென்டிமீட்டர் வரைகூடப் போகும் அந்த ஆழத்தை, யாரும் படுக்காத நிலையில் நூல் பிடித்து அளப்பார்கள். படுத்தால் மட்டும் இறங்கும் தளர்ச்சி அந்தக் கணக்கில் வராது. பொருந்தாத தளத்தின் மேல் போட்டிருந்தாலோ, மெத்தையில் கறை பட்டிருந்தாலோ கோரிக்கையை மறுக்க அதுவே போதும். வாங்கிய நாளிலேயே தளத்தைப் படம் எடுத்து, ரீப்பர் இடைவெளியை அளந்து எழுதி, ரசீதோடு சேர்த்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளிலிருந்தே உறை போட்டுப் பயன்படுத்துங்கள்.

தங்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. ஒரு மெத்தையை வாங்குபவர் அதைக் கிழித்துப் பார்க்க முடியாது. துணிக்குள் என்ன இருக்கிறது என்பதை விற்பவரின் வாய்ச்சொல்லைக் கொண்டே நம்ப வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு அடுக்கின் கனம், நுரையின் அடர்த்தி, கம்பியின் கேஜ், ஒருபுறமா இருபுறமா, எந்தத் தளத்தின் மேல் போட வேண்டும், ரீப்பர் இடைவெளி அதிகபட்சம் எவ்வளவு இருக்கலாம் என்பவற்றை மெத்தையின் பக்கவாட்டில் தைத்த சீட்டிலேயே அச்சிட வேண்டும். பாக்ஸ் ஸ்பிரிங் என்ற பெயரில் விற்கும் ஒவ்வொரு பெட்டியிலும் உள்ளே ஸ்பிரிங் உள்ளதா, வெறும் சட்டமா, குறுக்குச் சட்டங்கள் எத்தனை, எவ்வளவு எடை தாங்கும் என்பவற்றையும் அப்படியே எழுத வேண்டும். தீப்பற்றும் தன்மையைப் பொறுத்தவரை இத்தகைய கட்டாயம் சில நாடுகளில் ஏற்கெனவே வந்துவிட்டது: புகையும் சிகரெட்டால் மெத்தை பற்றிக்கொள்கிறதா என்ற சோதனையை அமெரிக்கா 1973-இலும், நேரடித் தீச்சுடருக்கு எப்படித் தாக்குப்பிடிக்கிறது என்ற சோதனையை 2007-இலும் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தீக்கு விதி வகுக்க முடிந்தவர்களுக்கு, தினமும் முதுகைத் தாங்கும் பொருளின் உள்ளடக்கத்தை எழுதச் சொல்வது கடினமன்று. தங்கள் நாளிதழ் இதைத் தொடர்ந்து கேட்டால், உற்பத்தியாளர்களின் காதில் விழும் என்று நம்புகிறேன்.

அதுவரை, முன்சொன்ன நூல் சோதனையையாவது அடுத்த ஞாயிறு இணைப்பில் படத்தோடு வெளியிடுங்கள். அதற்காகப் பாக்ஸ் ஸ்பிரிங் ஒன்றைப் பிரித்துக் காட்ட வேண்டுமானால், என் பழைய கருவிகளோடு நானே வந்து பிரித்துக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மெத்தைப் பட்டறைத் தொழிலாளி ஒருவர்